சிவப்பு நூல் கட்டிய முனை

ஜன்னலோரம் நீங்களே உட்காருங்கள். எனக்குக் காற்று ஆகாது. பையை மேலே வைக்கச் சொல்கிறீர்களா? வேண்டாம், மடியிலேயே இருக்கட்டும். கனம் ஒன்றும் இல்லை. ஒரு உதவி மட்டும் செய்யுங்கள். காங்கயம் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் காலேஜ் பிரிவு என்று ஒரு நிறுத்தம் வரும். எனக்கு இடது காது போய்விட்டது. எழுபத்தெட்டில் போலீஸ் அடித்தது. கண்டக்டர் கூப்பிடுவது கேட்காமல் போகலாம். வந்ததும் சொல்லுங்கள். இன்றைக்கு வெள்ளிக்கிழமை. இன்றைக்கு இறங்கியே ஆக வேண்டும்.

என் பெயர் சென்னியப்பன். திருப்பூரில் கேட்டால் நோட்டீஸ் சென்னியப்பன் என்பார்கள். இப்போது யார் கேட்கிறார்கள். பதினோரு முறை சிறைக்குப் போனவன் நான். முந்நூற்றுப் பதினான்கு துண்டறிக்கை எழுதியிருக்கிறேன். எல்லாவற்றிலும் ஒரு பிரதி வீட்டில் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு சரி. மீதிப் படிப்பு முழுவதும் எட்டுப் பக்க வெளியீடுகளில் படித்தது. கூலி என்றால் என்ன, கடவுள் ஏன் இல்லை, அணு உலை ஏன் கூடாது, ஒவ்வொன்றுக்கும் எட்டுப் பக்கம். எட்டுப் பக்கத்தில் சொல்ல முடியாத உண்மை எதுவும் கிடையாது என்று மேடையில் சொல்லியிருக்கிறேன். கைதட்டினார்கள். இன்றைக்கு என்னைக் கட்சியை விட்டு எடுத்தவர்கள்தான் அன்றைக்குக் கைதட்டினார்கள். அது வேறு கதை.

என் மனைவி துளசிமணி. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. கட்சிதான் பிள்ளை என்று நான் சொல்வேன். அவள் அதற்கு ஒன்றும் சொன்னதில்லை. மற்றதற்கெல்லாம் சொல்வாள். உலகத்துக்கே நோட்டீஸ் அடிச்ச மனுஷன், வீட்டில் பல்பு மாற்ற நான் ஏணி ஏற வேண்டியிருக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் என் எதிரிலேயே சொல்வாள். எனக்குக் கேட்க வேண்டும் என்றால் என் வலது பக்கம் வந்து நின்றுகொண்டு சொல்வாள்.

அவள் ஒரு சாக்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தாள். கம்பெனி பெயர் வேண்டாம். வழக்குப் போட்டால் என்னோடு நிற்க இப்போது ஆள் இல்லை. வெளிநாட்டுக்குப் போகிற காலுறை. வேர்வை நாற்றம் அடிக்காமல் இருக்க அதில் வெள்ளி ஏற்றுவார்கள். கொலுசு செய்கிற வெள்ளிதான், ஆனால் கண்ணுக்கும் தெரியாது, சாதாரண பூதக்கண்ணாடிக்கும் தெரியாது, அவ்வளவு நுணுக்கமாகப் பொடித்தது. பீப்பாயில் வரும்போது தேன் நிறத்தில் தண்ணீர் மாதிரி இருக்கும். பெண்கள் அதை வெள்ளித் தண்ணி என்பார்கள். முதலில் தொட்டியில் முக்கி எடுத்தார்கள். பிறகு அது மெதுவாக இருக்கிறது என்று ஒரு அறை கட்டிப் புகை மாதிரி அடித்தார்கள். அந்த அறைக்குள் நாற்பது பெண்கள். மூக்குக்குக் கட்ட பனியன் துணி. ஆறரை வருஷம் அவள் அந்தப் புகைக்குள் நின்றாள்.

ஐந்தாவது வருஷம் இருமல் வந்தது. உடம்பு இளைத்தது. கம்பெனி டாக்டர் தூசி என்றார். எனக்கு அந்த மாத்திரைகளில் நம்பிக்கை கிடையாது. மாத்திரை கம்பெனிகளின் கொள்ளையைப் பற்றி நானே இரண்டு வெளியீடு எழுதியவன். எங்கள் தோழர் ஒருவர் சித்த வைத்தியர், பரம்பரையாகப் பார்க்கிறவர். அவரிடம் பற்பம் வாங்கிக் கொடுத்தேன். தேனில் குழைத்து, என் கையாலேயே. ஒரே ஒரு மண்டலம். நாற்பத்தெட்டு நாள். அதோடு சரி.

ஆமாம், வெள்ளிப் பற்பம்தான், வெள்ளியைப் புடம் போட்டுச் சாம்பலாக்கியது. நீங்கள் கேட்கும் முன்பே சொல்லிவிடுகிறேன். எல்லோரும் அங்கே வந்துதான் நிற்கிறார்கள்.

அடுத்த வருஷம் அவள் நகத்தின் அடியில் ஸ்லேட் நிறம் வந்தது. கழுவினால் போகவில்லை. ஈறிலும் அதே நிறம். மூச்சு வாங்கியது. கம்பெனி அவளை வேலையை விட்டு நிறுத்தியது. விடுவேனா நான்? இருநூற்று எண்பத்தொன்பதாவது துண்டறிக்கை. தலைப்பு, 'துளசிமணியின் நகங்கள் பேசுகின்றன'. இருபத்து மூன்று நாள் வாசலில் உட்கார்ந்தோம். கடைசியில் தொழிலாளர் அலுவலகத்தில் விசாரணை வைத்தார்கள்.

கம்பெனி வக்கீல் இரண்டே விஷயம் கேட்டான். நகத்தில் இருப்பது மேலே படிந்த வெள்ளியா, உடம்புக்குள் போன வெள்ளியா? உள்ளே போயிருந்தால் எங்கள் அறையிலிருந்து போனதா, அம்மா சாப்பிட்ட மருந்திலிருந்து போனதா?

துளசிமணி எழுந்து நின்று, "நான் மருந்தே சாப்பிடலீங்க" என்றாள்.

வக்கீல் அதற்காகத்தான் காத்துக்கொண்டிருந்தான். இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்து வாசித்தான். முந்தின வருஷம் இருமலுக்குப் போனபோது, வேறு என்ன மருந்து சாப்பிடுகிறாய் என்று டாக்டர் கேட்டிருக்கிறார், இவள் சொல்லியிருக்கிறாள், அவர் எழுதியிருக்கிறார். வெள்ளிப் பற்பம், ஆறு மாதமாக. ஆறு மாதம் என்பது டாக்டர் தானாகப் போட்டுக்கொண்டது. இரண்டு மண்டலம், அதற்கு மேல் இல்லை. அந்த ஒரு சீட்டில் வழக்கு முடிந்தது. பொய் சொன்ன அம்மாள் என்று அதிகாரி எழுதினார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் சத்தம் போட்டேன். உண்மையைச் சொல்லியிருந்தால் எதிர்கொண்டிருப்பேனே, ஏன் மறைத்தாய் என்றேன். அவள் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "உங்க பேரு அந்த ஆபீஸ்ல வரக்கூடாதுன்னுதானுங் மாமா" என்றாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மறுநாள் அதிகாரியைக் கண்டித்து ஒரு துண்டறிக்கை எழுதினேன்.

அந்தத் துண்டறிக்கையைக் காலேஜ் பிரிவு நிழற்குடையில் ஒட்டியிருந்தோம். அதைப் படித்துவிட்டு ஒரு அம்மாள் எங்கள் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். பிலோமினா. காலேஜில் விஞ்ஞானப் பேராசிரியர், நாகர்கோவில்காரர். ஐம்பத்தைந்து வயதிருக்கும். வந்ததும் துளசிமணியின் கையைப் பிடித்து நகத்தைப் பார்த்தார். பிறகு முடியைப் பார்த்தார்.

துளசிமணிக்கு முடி மூன்றே கால் அடி. நரை ஓடியிருந்தது, நீளம் குறையவில்லை. பின்னி முன்னால் போட்டால் மடியில் சுருண்டு கிடக்கும். அதைக் கையில் ஏந்திக்கொண்டு அந்த அம்மாள், "அண்ணாச்சி, உங்க சாட்சி இங்க தொங்குது கேட்டியளா" என்றார்.

அவர் சொன்னதை உங்களுக்குச் சொல்கிறேன். எட்டுப் பக்கம் தேவையில்லை. முடி மாதத்துக்கு ஒரு விரல் அகலத்துக்கும் குறைவாக வளர்கிறது. வளரும்போது அந்த மாதம் ரத்தத்தில் என்ன ஓடியதோ அதில் கொஞ்சத்தை உள்ளே வைத்து மூடிக்கொண்டு வளர்கிறது. மூன்றே கால் அடி என்றால் எட்டு வருஷம். நுனியில் அவள் கம்பெனிக்குப் போகாத காலம் இருக்கிறது. அங்கிருந்து தலைப் பக்கம் வரவர ஒவ்வொரு மாதமும் வரிசையாக நிற்கிறது. அந்தப் பின்னலை அணு உலை இருக்கிற இடத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே உலோகம் ஒட்டாத கத்தியால் துண்டு துண்டாக நறுக்கி உலைக்குள் வைப்பார்கள். உள்ளே இருக்கிற வெள்ளி விழித்துக்கொண்டு தன் கதிரை விடும். தங்கத்துக்கு ஒரு கதிர், துத்தநாகத்துக்கு ஒரு கதிர், வெள்ளிக்கு அதனுடைய கதிர். ஒன்றை ஒன்றாகக் காட்டிக்கொள்ள முடியாது. எந்த மாதத்தில் எவ்வளவு என்று எண்ணிவிடலாம்.

மேலே படிந்த தூசி என்று வக்கீல் சொல்வானே என்றேன். அதற்கும் வழி வைத்திருந்தார். ஒரு முடியைக் குறுக்கே அறுத்து, ஊசியை விட மெல்லிய கதிர்க்கற்றையை அந்த வட்டத்தின் மேல் ஓட்டுவார்களாம். அந்த வெள்ளித் துகள் ஆயிரத்துக்கு மேல் வரிசையில் நின்றால்தான் ஒரு முடியின் குறுக்களவு. அந்தத் துகள் மட்டையில் ஒட்டியிருக்கிறதா, தண்டுக்குள் இருக்கிறதா என்று, வாழையை அரிந்து பார்க்கிற மாதிரி தெரிந்துவிடும் என்றார்.

நான் எழுந்து அந்த அம்மாளுக்குக் கை கொடுத்தேன். மக்கள் விஞ்ஞானி என்றேன். அப்போது நான் மகிழ்ச்சியாகத்தான் இருந்தேன். அதை நீங்கள் நம்ப வேண்டும்.

பிறகு துளசிமணி கேட்டாள், மருந்துக் கதை என்ன ஆகுமுங்க என்று. அதுவும் தெரியும் என்றார் பிலோமினா. கம்பெனியில் சேர்ந்த மாதத்திலிருந்து வெள்ளி கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே வந்திருந்தால் அது அந்த அறையிலிருந்து வந்தது. அதுவரைக்கும் ஒன்றும் இல்லாமல், மருந்து சாப்பிட்ட மாதங்களில் மட்டும் திடீரென்று எழும்பி நின்றால் அது மருந்து. "எதுன்னு எனக்குத் தெரியாது. முடி சொல்லட்டும். யாருக்குச் சாதகமா வரும்னு நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்" என்றார். இதைச் சொல்லும்போது என்னைத்தான் பார்த்தார். எதற்காக என்னைப் பார்க்க வேண்டும்?

ஒரு கத்தை முடி போதும் என்றுதான் அவர் சொன்னார். துளசிமணி முழுப் பின்னலையும் கொடுத்தாள். அதற்குக் காரணம் உண்டு. மூச்சு சரியானால் பழனிக்கு வந்து முடி இறக்குவதாக அவள் வேண்டியிருந்தாள். என் வீட்டிலிருந்து மொட்டை போகாது என்று நான் சொல்லியிருந்தேன். நாற்பது வருஷம் கடவுள் மறுப்புப் பேசியவன் மனைவி மலையடிவாரத்தில் வரிசையில் நிற்பதா? இப்போது அவளுக்கு வழி கிடைத்தது. "மேடத்துக்கே குடுத்துடறேன். சாமிகிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றாள். நாவிதரை வீட்டுக்கு வரவழைத்து உட்கார்ந்தாள். மொட்டைத் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். எந்த முனை தலைப் பக்கம் என்று மாறிவிடக் கூடாது என்று பிலோமினா அந்த முனையில் சிவப்பு நூல் கட்டினார். பாதியை இங்கேயே வைத்துக்கொண்டு பாதியை அனுப்புகிறேன் என்றார். இவள் ஒத்துக்கொள்ளவில்லை. நேர்ந்த முடியைப் பிரிக்கக் கூடாதாம். முழுதாகத்தான் போக வேண்டுமாம். அந்த அம்மாள் தயங்கினார். பிறகு, "சரி, உங்க சாமிக்கு முன்னால நான் எதுக்குக் கத்தியத் தூக்கணும்" என்று வாங்கிக்கொண்டார்.

நாங்கள் ஒருநாள் காலேஜுக்கும் போனோம். கண்ணாடித் தொட்டிகளில் ஜிலேபிக் கெண்டை விட்டிருந்தார். அதே வெள்ளித் துகளைக் கதிர் விடுகிற மாதிரி செய்து தண்ணீரில் கலந்து, மீனின் உடம்பில் அது எங்கே போய் உட்காருகிறது என்று கணக்கெடுக்கிறார்களாம். செவுளில் கொஞ்சம், ஈரலில் நிறைய என்றார். துளசிமணி தொட்டி முன்னால் குனிந்து நின்று, "இதுக்கும் மூச்சு வாங்குமாங்க?" என்று கேட்டாள். நான் தொட்டியைப் பார்க்கவில்லை. மூலையில் ஒரு மஞ்சள் பெட்டி இருந்தது. அதன் மேல் மூன்று இதழ் விசிறி மாதிரிக் கறுப்பு முத்திரை. அணுக் கதிர் முத்திரை. எத்தனை துண்டறிக்கையில் அதை நான் மை ஊற்றி அச்சடித்திருப்பேன்.

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. கொள்கை என்று ஒன்று இருக்கிறது அல்லவா? அணுவை எதிர்த்து வாழ்ந்தவன், என் வீட்டு வழக்குக்கு அது உதவுகிறது என்பதற்காகச் சும்மா இருக்க முடியுமா? முதல் நாளே உலை என்றுதானே அந்த அம்மாள் சொன்னார், அன்றைக்கு ஏன் கை கொடுத்தீர்கள் என்று நீங்கள் கேட்கலாம். அன்றைக்கு நான் சரியாகக் கேட்கவில்லை. காது.

வீட்டுக்கு வந்து துளசிமணியிடம் சொன்னேன், இது வேண்டாம், திருப்பி வாங்கிவிடலாம் என்று. அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையைத் துடைத்துவிட்டு என் வலது பக்கம் வந்து உட்கார்ந்தாள்.

"உங்க மருந்தா இருந்தாலும் பரவால்லீங் மாமா. நீங்க என்னைக் கொல்றதுக்கா குடுத்தீங்க. எனக்குள்ள என்ன போச்சுன்னு தெரிஞ்சாப் போதும். அங்க இன்னும் நாப்பது பேரு நிக்கிறாங்க."

நான் மருந்தைப் பற்றியா பேசினேன்? அணுவைப் பற்றிப் பேசினேன். இவள் எதற்கு மருந்தை இழுக்கிறாள்?

எழுத உட்கார்ந்தேன். முந்நூறாவது துண்டறிக்கை. 'அணுவை ஊருக்குள் அழைத்து வந்தது யார்?' இன்றைக்குப் படித்தாலும் ஒரு சொல் மாற்ற மாட்டேன். ஒரு வாரத்தில் ஊரே பேசியது. மஞ்சள் பெட்டி உலைக்கு வேனில் போகும்போது மறிப்பது என்று முடிவானது. எந்த நாள் என்றுதான் தெரியவில்லை.

தெரிந்தது. எப்படியோ தெரிந்தது.

மறியலுக்கு முந்தின சாயங்காலம் நான் ஆட்களுக்குச் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தேன். அவள் வந்து ஏதோ சொல்லியிருக்கிறாள். நாளைக்குப் பத்து மணிக்கு வேன் போகிறது, என் முடியும் அதில்தான் போகிறது என்று சொன்னாளாம். பின்னால் அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்போது எனக்குக் கேட்கவில்லை. ஆயிரம் வேலை. காதும் இப்படி.

மறுநாள் காலை பத்து மணி. காலேஜ் பிரிவில் அறுபது பேர். வேன் வந்தது. நான் சாலையில் படுத்தேன். டிரைவர் இறங்கி வந்து, "ஏனுங்க, மீனும் முடியும்தானுங்க போகுது, வெடிகுண்டா போகுது" என்றான். எங்கள் பக்கத்திலேயே நாலு பேர் சிரித்தார்கள். அந்த அம்மாள் காலேஜிலிருந்து ஓடி வந்தார். இந்தப் பெட்டியில் இப்போது கதிர் எதுவும் இல்லை, இது சாதாரண வெள்ளி விட்ட தொட்டியின் மீன், பெட்டிதான் கதிர் வெள்ளி வந்த பழைய பெட்டி, உறுதியாக இருக்கிறதே என்று திரும்பப் பயன்படுத்தினேன், முத்திரையைக் கிழிக்காதது என் தப்பு என்றார். உலைக்குள் வைத்த பிறகுதான் கதிர் வரும், இப்போது ஒன்றுமில்லை அண்ணாச்சி என்று கெஞ்சினார். நான் ஒலிபெருக்கியை வாங்கி, கதிர் வரும் என்று அவரே ஒப்புக்கொண்டுவிட்டார் என்றேன். அதற்குப் பிறகு கூட்டம் என் கையில் இல்லை.

பூட்டை உடைத்தார்கள். சின்னச் சின்ன பாட்டில்கள், பொடித்த மீன் ஈரல், பஞ்சு, வெண்ணெய்க் காகிதம். சாலை முழுக்கச் சிதறியது. யாரோ பெட்டியைப் பள்ளத்துக்குள் உதைத்தான். அரை மணி நேரத்தில் போலீஸ் வந்து எங்களை ஏற்றியது. பதினோராவது சிறை என்றேனே, அது அன்றைக்குத்தான். சாயங்காலமே விட்டுவிட்டார்கள். அதையும் கணக்கில் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அந்த அம்மாளை ஆறு மாதம் இடைநீக்கம் செய்தார்கள். முத்திரையைக் கிழிக்காததற்கு. ஆய்வு நின்றது. மீன்களை என்ன செய்தார்கள் என்று தெரியாது.

துளசிமணி மறுநாள் முதல் பஸ்ஸில் காலேஜ் பிரிவுக்குப் போனாள். மொட்டைத் தலையில் துண்டு கட்டியிருந்தாள். நானும் கூடப் போனேன். சாலையோரப் பள்ளம் முழுக்கச் சீமைக்கருவேலம். மூன்றே கால் அடிப் பின்னல், எங்கேயும் போயிருக்காது, காற்றில் பறக்கிற பொருளா என்றாள். குனிந்து குனிந்து தேடினாள். பத்தடிக்கு ஒரு முறை நின்று மூச்சு வாங்கினாள். முள்ளை நான் கம்பால் விலக்கிக் கொடுத்தேன். ஒரு இடத்தில் கறுப்பாக நீளமாக ஒன்று தெரிந்து ஓடினாள். அவளால் ஓட முடியும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மாட்டுக் கயிறு. கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

இரண்டு நாள் தேடினோம். இரண்டு நாளும் பை என் தோளில்தான் இருந்தது. இதே பைதான்.

நீங்கள் பையைப் பார்க்கிறீர்கள். பாருங்கள். பூட்டை உடைத்ததும் வெண்ணெய்க் காகிதம் என் காலடியில் வந்து விழுந்தது. சிவப்பு நூல் வெளியே தெரிந்தது. குனிந்து எடுத்துப் பைக்குள் துண்டறிக்கைக் கட்டுக்கு அடியில் வைத்தேன். யாரும் மிதித்துவிடக் கூடாது என்றுதான் எடுத்தேன். சாயங்காலம் வீட்டில் கொடுத்துவிடலாம் என்றுதான் எடுத்தேன். முதல் நாள் கொடுக்கவில்லை. இரண்டாம் நாள் கொடுத்தால், நேற்று முழுக்க என்னை ஏன் முள்ளுக்குள் விட்டீர்கள் என்று கேட்பாள். மூன்றாம் நாள் அவளாகவே, போதுமுங்க, விடுங்க என்றாள். "சாமிக்கும் இல்லாம, மேடத்துக்கும் இல்லாமப் போச்சு" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

புதிதாக வளர்கிற முடியைக் கொடுக்கலாமே என்று அந்த அம்மாளிடம் கேட்டிருக்கிறாள். அதில் பழைய காலம் இருக்காதம்மா என்று அவர் சொல்லிவிட்டார். எட்டு வருஷமும் இந்தப் பைக்குள்தான் இருக்கிறது.

அவள் எட்டு மாதம் இருந்தாள். கடைசியில் பேச மூச்சு போதவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு கிடப்பாள். மருந்து மட்டும் வேண்டாம் என்பாள், எந்த மருந்தும். முன்பே அப்படித்தான். நாலாவது மண்டலத்தில் ஒருநாள் டப்பாவை மூடி என் கையில் கொடுத்து, இது தொண்டைக்குள் போகும்போதே பயமாக இருக்கிறது மாமா, வேண்டாமே என்றாள். நான் வற்புறுத்தினேன். நம் மருத்துவத்தை நாமே நம்பாவிட்டால் யார் நம்புவார்கள் என்றேன். வாயைத் திறந்தாள். போகும்போது தலையில் நாலைந்து விரல் அகலத்துக்கு முடி வளர்ந்திருந்தது. முழுக்க வெள்ளை. சடங்கு எதுவும் இல்லாமல் எரித்தோம். நான் இரங்கல் உரை பேசினேன். அந்த அறையில் நின்றதால் செத்தாள் என்று பேசினேன். அது உண்மைதான். வேறு எப்படி இருக்க முடியும்? இந்தப் பின்னல் அதைத்தான் சொல்லும். எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

மூன்று வருஷம் ஆகிவிட்டது. அந்த அறையில் இன்றைக்கும் புகை அடிக்கிறார்கள். இன்னும் நாற்பது பேர். ஆள் மாறியிருக்கும், எண்ணிக்கை மாறவில்லை. பலமுறை இந்த பஸ்ஸில் கிளம்பியிருக்கிறேன். ஏதாவது ஒன்று வந்துவிடும். ஒருமுறை தூங்கிவிட்டேன். ஒருமுறை மழை.

போன வாரம் பிலோமினா அம்மாளிடமிருந்து கடிதம் வந்தது. சட்டைப் பையில்தான் இருக்கிறது, மனப்பாடமாகவே சொல்கிறேன். அண்ணாச்சி, நான் ஓய்வு பெற்று ஊருக்குப் போகிறேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரை காலேஜில் இருப்பேன். எனக்குப் பிறகு இந்த வேலையை எடுத்துச் செய்ய இங்கே ஆள் இல்லை. முடி கெட்டுப் போகாது. நூறு வருஷம் ஆனாலும் உள்ளே இருப்பது அப்படியே இருக்கும். எப்போதாவது அது கிடைத்தால் கொண்டு வாருங்கள். உலை இருக்கிற இடத்துக்கு நானே கையில் எடுத்துக்கொண்டு போகிறேன். எது வந்தாலும் முதலில் உங்களிடம் மட்டும்தான் சொல்லுவேன்.

கிடைத்தால் என்று எழுதியிருக்கிறார். அந்த அம்மாளுக்குத் தெரியும். அன்றைக்கு நான் குனிந்ததைப் பார்த்திருப்பார். பார்த்தும் இடைநீக்கத்தை வாங்கிக்கொண்டு, மூன்று வருஷம் வாயைத் திறக்கவில்லை. இவர்களெல்லாம் எந்த வெளியீட்டில் படித்தார்கள் என்று தெரியவில்லை.

அதனால்தான் இன்றைக்கு இறங்க வேண்டும் என்றேன். காலையில் குளித்துச் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தேன். பையைத் தொட்டுப் பாருங்கள், பரவாயில்லை. இன்னும் மெத்தென்று இருக்கிறது. தேங்காய் எண்ணெய் வாசனை போய்விட்டது. போன வருஷம் வரைக்கும் இருந்தது.

இது எந்த ஊர்? வெள்ளகோவிலா?

பார்த்தீர்களா, நான் பேசிக்கொண்டே இருந்ததில். நீங்கள் சொல்லியிருக்கலாமே. காது கேட்காதவன் என்று முதலிலேயே...

சொன்னீர்களா? இரண்டு முறையா? தோளைத் தொட்டும் சொன்னீர்களா?

இல்லை, எழுந்திருக்காதீர்கள். பஸ்ஸை நிறுத்தச் சொல்லாதீர்கள். எதிர்ப்பக்கம் பஸ் நிறைய இருக்கிறது, எனக்கும் தெரியும். சாயங்காலம் வரை நேரம் இருக்கிறது என்பதும் தெரியும். கண்டக்டர் வந்தால் கரூருக்கு ஒரு டிக்கெட் எனக்குச் சேர்த்து வாங்குங்கள். தருகிறேன்.

உங்கள் மேல் தப்பில்லை. போன காது இடது காது. நீங்கள் உட்கார்ந்திருப்பது என் வலது பக்கம். நீங்கள் சொன்னது எனக்குக் கேட்டது.

அவளும் எப்போதும் வலது பக்கம் வந்துதான் பேசுவாள்.